நடைவழியில் திரும்பாத துப்பாக்கி

சௌத் டகோட்டா,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஆர்லனுக்கு, உன் தங்கை புருஷன் வெர்லின் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் நலம். நீயும் உன் நாயும் உன் முழங்காலும் நலமா என்று அறிய ஆவல். எங்களை நலம் என்றது உடம்பைப் பற்றி மட்டும்தான்.

போன ஞாயிறு விடிந்தும் விடியாததுமாகப் பின்கட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நம் ஊரில் எவன் கதவைப் பூட்டுகிறான்? ஆர்டிஸ் என்னை உலுக்கி, "வெர்லின், யாரோ உள்ள வந்துட்டான், எந்திரி"ன்னா. ஃபெசன்ட் பறவை வேட்டைக்கு வைத்திருக்கிற துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தோட்டா போடவில்லை, பயப்படாதே. அதன் குழல் இருபத்தெட்டு அங்குலம். எங்கள் நடைவழி எவ்வளவு குறுகல் என்றுதான் உனக்குத் தெரியுமே, மூலையில் நான் திரும்பிவிட்டேன், துப்பாக்கி திரும்பவில்லை, உங்கள் அம்மா கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த நீலத் தட்டுகளில் நாலு போச்சு. பின்கட்டில் திருடனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு பை நிறைய சுக்கினிக்காய். உறைபனி விழுவதற்குள் தோட்டத்தைக் காலி செய்கிறேன் என்று பக்கத்து வீட்டு லவோன் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அதோடு விட்டாளா உன் தங்கை? "இன்னிக்கு சுக்கினி, நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் வந்தா? வீட்டுக்குள்ள திரும்புற துப்பாக்கி வர்ற வரைக்கும் நீ என்னைத் தனியா விட்டுட்டு வேட்டைக்குப் போகக் கூடாது"ன்னுட்டா. மச்சான், நாற்பத்தொரு வருஷமாக சீசன் முதல் நாளை நான் விட்டதில்லை. இடுப்பில் ஆபரேஷன் ஆன வருஷம்கூட டிரக்கில் உட்கார்ந்தே வந்தேன். இந்த வருஷம் விட்டுப்போனால் மனசு தாங்காது.

கடைக்குப் போனோம். கடைக்காரன் பதினெட்டரை அங்குலம் காட்டினான். வீட்டுக்குள் நன்றாகத்தான் சுழல்கிறது, ஆனால் அதை வைத்துப் பறக்கிற ஃபெசன்டை நான் குறிபார்க்க முடியுமா? "ரெண்டு குழலா வாங்கி மாத்தி மாத்திப் போட்டுக்கங்க"ன்னான். ஆர்டிஸ் விடுவாளா? "திருடன்கிட்ட, இருப்பா, குழலை மாத்திட்டு வர்றேன்னு சொல்லுவாரா?"ன்னு அவனையே கேட்டா. கடைசியில் ரெண்டுங்கெட்டானாக இருபத்து நாலு அங்குலம் வாங்கியாச்சு. இப்போது அதையும் நம்பவில்லை, நாளைக்கு துப்பாக்கி கிளப்பில் களிமண் தட்டைப் பறக்கவிட்டு அவளே சுட்டுப் பார்த்துத்தான் சொல்வாளாம். ஆகவே நம் வேட்டைக் கும்பலுக்குத் தலைவன் என்ற முறையில், வீடு, வேட்டை ரெண்டுக்கும் இருபத்து நாலு போதும் என்று அவளுக்கு நாலு வரி எழுதிப் போடு. நீ சொன்னா கேப்பா.

உன் வீட்டாருக்கும் நாய்க்கும் கர்த்தர் குறையில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வெர்லின்

பின்குறிப்பு (வியாழன்): நாலு வரி வேண்டாம். நேற்று ஆர்டிஸ் இருபத்தைந்து தட்டில் இருபத்திரண்டை உடைத்துவிட்டாள். அதே துப்பாக்கியில் நான் உடைத்தது பதினொன்று. "துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. மொத நாள் அண்ணன்கூட நான் போறேன், நீ வீட்டைப் பாத்துக்க"ங்கிறா. காவலுக்கு எனக்கு அந்த இருபத்தெட்டு அங்குலம் இருக்கிறதாம். காலையில் இன்னொரு பை வந்திருக்கிறது. சுக்கினி ரொட்டி சுட எத்தனை அங்குலத் தட்டு வேண்டும் என்று மட்டும் உன் மனைவியைக் கேட்டு எழுது.