மேலே போன கிழக்கு சார்

உலகத்தில் எந்த மூலையில் கொண்டுபோய் விட்டாலும் கிழக்கு எதுவென்று கண நேரத்தில் சொல்லிவிடக்கூடியவர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். அது சரியாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

கும்பகோணத்தில் அவரை எல்லாரும் 'கிழக்கு சார்' என்றுதான் சொல்வோம். இடது, வலது என்ற சொற்கள் அவர் வாயில் வந்ததில்லை. பந்தியில் உட்கார்ந்தால், "சாம்பாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்துங்க" என்பார். பல் டாக்டரிடம் போய், "தெக்குப் பக்கம் வலிக்குதுங்க" என்றார். டாக்டர் நாற்காலியைச் சுழற்றிவிட்டு, "இப்ப?" என்று கேட்டாராம்.

போன வருஷம் ஆபீசிலிருந்து கொல்லிமலைக்குப் போனோம். மலை உச்சியில் ஒரு காட்சிமுனை. அதைப் பார்த்தே தீருவேன் என்று வந்தவர் மரகதம் மேடம். முழங்கால் ஆபரேஷன் ஆகி, டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு முதல் வெளியூர்ப் பயணம். மற்றவர்கள் முன்னால் ஏறிப் போய்விட, மேடத்துக்குத் துணையாக நானும் கிழக்கு சாரும் பின்தங்கினோம்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் சார் வழி கேட்டார்.

"மேல போங்க" என்றாள்.

எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு. மேலத்தெரு, மேல வாய்க்கால். மேடு என்று ஒன்று இருந்தால்தானே வேறு அர்த்தம் தோன்றும்! சார் வானத்தை ஒரு பார்வை பார்த்து, மேற்கை முடிவு செய்து, விறுவிறுவென்று நடந்தார்.

"சார், இறங்குறோமே?" என்றார் மேடம்.

"இறங்கினா என்னம்மா? மேலதானே போறோம்!"

நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். ஒரு பலாமரம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது.

"இதை அப்பவே பாத்தோம் சார்."

"அது அண்ணன். இது தம்பி."

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. பலாமரம் போயிற்று, பாதை போயிற்று, என் கையே எனக்குத் தெரியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

சார் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. எந்தப் பக்கமும் தெரியல" என்றார். அந்த வார்த்தையை அவரிடமிருந்து கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

மேடம் எழுந்தார். "ஏறும்போதுதான் சார் எனக்கு வலிக்குது. வலிக்கிற பக்கமே போவோம்."

சார் தோள்துண்டை அவர் முழங்காலில் இறுகக் கட்டினார். முன்னால் போய்த் தரையைத் தடவித் தடவிக் குரல் கொடுத்தார். "இங்க கல்லு, பாத்து! வேர் இருக்கு, காலைத் தூக்கி வைங்க! நான் இங்கதான் இருக்கேன், வாங்க!" ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் நிற்கவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டே நாங்கள் ஏறினோம்.

கம்பி வேலிக்குப் பின்பக்கமாகக் காட்சிமுனைக்குள் போய்ச் சேர்ந்தோம். பனி விலகியது. கீழே சமவெளி முழுக்க வெயில். மேடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். சார் எதையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, சைகையில் டீ கேட்டார். தொண்டை சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது.

ஊர் திரும்பியும் ஒரு வாரம் அவருக்குக் குரல் வரவில்லை. எங்கள் ஆபீஸ் அவ்வளவு வெறிச்சோடி நான் பார்த்ததே இல்லை.