மூட்டைக்குப் பின்னால் ஒரு முழ இடம்

ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டு வளை ஒன்றில், தணிகாசலம் என்கிற எலியும் அவன் மனைவி வடிவும் ஐந்து குட்டிகளோடு குடியிருந்தார்கள். அந்த வருஷம், தன்னைத் தின்னக்கூடிய ஒன்றை வீட்டில் வளர்ப்பது காட்டில் நாகரிகமாகியிருந்தது. எதிர்வளை முயல் வீட்டார் நொண்டி நரி ஒன்றைத் தத்தெடுத்து, தினமும் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போனில் போட்டார்கள். கோழி வீட்டில் ஒரு பருந்து இருந்தது. இதையெல்லாம் பார்த்த எலிக்குட்டிகள், தங்களுக்கும் பூனை வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தன. அதாவது, வடிவு சமைத்ததைச் சாப்பிடாமல் இருந்தன.

"பூனை வந்தா பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரும்," என்றான் தணிகாசலம்.

"யாரு பார்த்துக்கறது?"

"எல்லாருந்தான்."

வடிவு அதற்கு மேல் கேட்கவில்லை. எல்லாரும் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஓடைக்கு அக்கரையில், மருத மரத்தடியில், கைவிடப்பட்ட பிராணிகளுக்கான காப்பகம் இருந்தது. வரிசையில் இவர்களுக்கு முன்னால் பதினேழு பேர். எல்லாருமே சிறிய பிராணிகள், எல்லாருக்குமே பெரிய பிராணி வேண்டும். உச்சிவெயிலில் இவர்கள் முறை வந்தது. காப்பக அதிகாரியான கொக்கு, ஒற்றைக்காலில் நின்றபடி பதினோரு பக்கப் படிவத்தை விரித்தது.

"வளர்க்கறது முதல் தடவையா?"

"ஆமா மேடம்," என்றான் தணிகாசலம்.

"வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"அஞ்சு பேர்."

கொக்கு சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டது. "இதான் யோசனையா இருக்கு."

வடிவுக்கு உயிர் வந்தது. "எனக்கும் அதே பயந்தான் மேடம். பூனை பிள்ளைங்களை ஏதாவது..."

"நான் பிள்ளைங்க பூனையை ஏதாவது செஞ்சிடுவாங்களேன்னு யோசிக்கறேன்," என்றது கொக்கு. "இங்க இருக்கற பூனைக்குப் பல்லெல்லாம் போயி ரெண்டு வருஷமாச்சும்மா. கஞ்சிதான் குடிக்குது. மூணு வீட்டுக்குப் போய் மூணு வீட்ல இருந்தும் திரும்பி வந்திருக்கு. வாலைப் பிடிச்சு இழுத்திருக்காங்க, தூங்கும்போது எழுப்பியிருக்காங்க. இன்னொரு தடவை தாங்காது. அது ஒதுங்க ஒரு தனி இடம் வேணும். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அப்படி இடம் இருந்தாத்தான் தருவோம்."

"இருக்கு மேடம்," என்றான் தணிகாசலம், ஒரு நொடிகூட யோசிக்காமல். "அடுப்படியில தானிய மூட்டைக்குப் பின்னால ஒரு முழ இடம். சும்மாதான் கிடக்கு."

அது சும்மா கிடக்கவில்லை. மத்தியானம் குட்டிகள் அசந்த பிறகு வடிவு அங்கே போய் உட்காருவாள். ஒரு வேர்க்கடலையை உடைத்து, தோலை ஊதி, மெதுவாகத் தின்று முடிக்கிற நேரம். அவ்வளவுதான். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றே. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால், அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். ஒன்றும் செய்யவில்லை என்பதைத் தவிர அவளிடம் பதில் இல்லை. கொக்கு அவளைப் பார்த்தது. அவள் தலையாட்டினாள்.

உரிமையாளர் என்ற இடத்தில் தணிகாசலம் கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே பராமரிப்பாளர் என்று இருந்தது. பேனாவை வடிவிடம் நீட்டினான்.

பூனை வந்தது. வயதான, காது கிழிந்த பூனை. குட்டிகள் அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தன. முதல் நாளே இரண்டு பேர் முதுகில் ஏறினார்கள், ஒருத்தி மீசையை எண்ணினாள், கடைசிக்குட்டி வாலில் தொங்கினான். தணிகாசலம் போனில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே கொக்கு வீடியோ காலில் வந்தது. பூனைமேல் இன்னொரு கை பட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று குட்டிகளைப் பார்த்துச் சொன்னது. பிறகு காப்பகத்தின் வழிகாட்டுக் குறிப்பைச் சுவரில் ஒட்டச் சொன்னது. சாப்பிடும்போது தொந்தரவு செய்யாதீர்கள். தூங்கும்போது எழுப்பாதீர்கள். சும்மா சும்மா பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தானாக வரும்வரை காத்திருங்கள்.

வடிவு அதைத் தினமும் காலையில் குட்டிகளுக்குப் படித்துக் காட்டினாள். அவையும் பயந்து கேட்டுக்கொண்டன. பூனையைத் தொடக்கூடாதென்றால் தொடுவதற்கு வீட்டில் வேறென்ன இருக்கிறது. எல்லாம் வடிவின் மேல் ஏறின.

ஒரு மத்தியானம் பூனைக்குக் கஞ்சி கொண்டுபோனாள்.

"நீ சாப்பிட்டியா?" என்றது பூனை.

"ஆச்சு."

"எப்போ?"

வடிவு யோசித்தாள். காலையில் அடுப்பருகே நின்றபடி வாயில் எதையோ போட்டது ஞாபகம் இருந்தது. அது இன்றா நேற்றா என்று தெரியவில்லை.

"கொஞ்ச நேரம் இங்க உட்காரேன்," என்றது பூனை.

"உன் பக்கத்துல யாரும் வரக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"அது எனக்குப் போட்டது. உனக்கு என்ன போட்டிருக்கு?"

"எனக்கு ஒண்ணும் போடலை," என்றாள் வடிவு. மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா என்று ஒரு குரல் வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினாள்.

பதினைந்தாம் நாள் கொக்கு வீட்டைப் பார்க்க வந்தது. பூனை எடை கூடியிருந்தது. தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கொக்கு வாசலோரம் ஒற்றைக்காலில் நின்று வெகுநேரம் வீட்டைப் பார்த்தது. பிறகு தன் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறி போட ஆரம்பித்தது. ரோமம் கொட்டுகிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிறது. கூப்பிட்டால் திடுக்கிடுகிறது. ஒதுங்க இடம் இல்லை. இன்னும் இரண்டு.

"நாலு குறி இருந்தா உடனே மீட்கணும்," என்றது. "இங்க ஆறு இருக்கு."

தணிகாசலம் பதறினான். "பூனை நல்லாத்தானே மேடம் இருக்கு?"

"பூனையைச் சொல்லலை," என்று வடிவைக் காட்டியது கொக்கு.

"இவ என் பொண்டாட்டி மேடம்."

"படிவத்துல பிராணின்னுதான் சார் இருக்கு. பொண்டாட்டின்னு தனியா ஒரு கட்டம் இல்லை."

கதைகளில் வருகிற தாய் எலியாக இருந்தால் இந்த இடத்தில் குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதிருப்பாள். கொக்கின் மனமும் இளகியிருக்கும். வடிவு கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"அங்க தனி இடம் உண்டா மேடம்?"

"ஒரு உயிருக்கு ஒரு அறை. மத்தியானம் ரெண்டு மணி நேரம் யாரையும் விடமாட்டோம்."

"செருப்பு மாட்டிக்கிட்டு வந்துடறேன்," என்றாள் வடிவு.

ஒன்பது நாள் கழித்து, தணிகாசலம் ஐந்து குட்டிகளோடு காப்பகத்து வரிசையில் நிற்பதை அவள் கம்பிவலை வழியாகப் பார்த்தாள். அவன் சட்டையில் பொத்தான்கள் ஒன்று மாறி மாட்டப்பட்டிருந்தன. குட்டிகளில் ஒருத்தியின் கன்னத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. கொக்கு அவன் நிரப்பிய படிவத்தைப் படித்தது.

"விருப்ப உணவு, மிச்சம்." நிமிர்ந்தது. "மிச்சம்னா என்ன சார்?"

"எங்க எல்லாருக்கும் போக இருக்கறது மேடம். அதுதான் அவளுக்குப் பிடிக்கும்."

"தூங்கற நேரம் எழுதலையே."

"நான் பார்த்ததில்லை மேடம்."

"எதுக்குப் பயப்படும்?"

"அவளா? எதுக்கும் பயப்படமாட்டா. தைரியசாலி."

"எத்தனை நாள் கூட இருந்தீங்க?"

"ரெண்டு மழைக்காலம்."

கொக்கு பேனாவை எடுத்தது. "வளர்க்கறது முதல் தடவைன்னே போட்டுக்கறேன்."

பிறகு சிவப்பு மையில் வட்டம் போட்டு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இந்த எலியைத் தர விதியில் இடமில்லை என்றது. தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்து அதற்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். மேசைக்கடியிலிருந்து தொட்டியில் வைத்த ஒரு மணத்தக்காளிச் செடியை எடுத்து நீட்டியது.

"இதை முதல்ல வளர்த்துப் பாருங்க. பிழைச்சா ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அவன் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான். குட்டிகள் பின்னால் போயின.

"அப்பா, இதுக்குத் தண்ணி யாரு ஊத்துவா?" என்றாள் மூத்தவள்.

"எல்லாருந்தான்," என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் கம்பிவலைப் பக்கம் திரும்பினான்.

கடைசிக்குட்டி அம்மா என்று கூப்பிட்டான். வடிவின் காது மட்டும் அந்தத் திசைக்குத் தானாகத் திரும்பியது. மணி இரண்டு அடித்தது. காப்பகத்துக் காவல் நாய் வந்து கதவைச் சாத்தியது. அவள் ஒரு வேர்க்கடலையை எடுத்து உடைத்தாள்.

நீதி: ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்க விரும்புவோர் அங்கே பிராணியாகப் போக வேண்டும், தாயாகப் போகக்கூடாது.