இருபத்திரண்டும் நானூற்றுப் பத்தும்

பேரும் உருவும் கடந்து எங்கும் நிறைந்தவன் துணை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். வெளியூர் வேலையில் இருக்கும் உங்களிடம் போனில் சொல்ல நா எழவில்லை.

திங்களன்று நம் பட்டறையில், பழுதுக்கு வந்த ஏசியின் கேஸை ரெக்கவரி மெஷினால் உறிஞ்சிக் காலி சிலிண்டரில் சேர்க்கக் குழாய்களை எல்லாம் பொருத்திவிட்டு, எல்லாரும் சோடாபுட்டி என்றழைக்கும் உங்கள் மெக்கானிக் சாப்பிடப் போனார். எதையும் தொடாதீர்கள் என்று கும்பிட்டுச் சொல்லித்தான் போனார். பக்கத்தில் பாதி நிறைந்த சிலிண்டர் இருக்க, புதுப் பாத்திரத்தை ஏன் எச்சிலாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேஸின் வகை எண் அதில் இருபத்திரண்டு, ஏசியில் நானூற்றுப் பத்து என்று இருந்ததைக் கண்டேன். கண்டும், பொருள் ஒன்றே, எண்கள் மனிதர் இட்டவை என்று தெளிந்து, குழாயை மாற்றினேன். ஆணியில் தொங்கிய கையுறையை அணியவில்லை. குழாயை இறுக்குமுன் வால்வைத் திறந்ததால் சீறிய கேஸ் விரலை உறையவைத்துக் கொப்புளமாக்கியது. மகளிடம் விளக்குச் சுட்டது என்றேன். அதே விரலால் மெஷினையும் ஓட்டினேன்.

திரும்பிவந்த சோடாபுட்டி அழுத்தமானியைப் பார்த்ததும் பாய்ந்து நிறுத்தினார். கலந்த கேஸ் இரண்டுக்கும் உதவாதாம். இன்னும் சற்று ஓடியிருந்தால் சிலிண்டரே தாங்கியிராதாம். அவர் உடனே உங்களை அழைக்க, நீங்கள் போனில் அவரைத் திட்டித் தீர்த்து, நாளை முதல் வர வேண்டாம் என்றீர்கள். அவர் போனை என்னிடம் நீட்டி, "ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் வாங்கவில்லை. எல்லாம் இறைவனுக்குத் தெரியும் என்று மேலே கை காட்டினேன்.

"அவருக்குத் தெரிஞ்சு என்னங்கய்யா பண்றது? உங்க மாப்பிள்ளைக்கில்ல தெரியணும்."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். நாற்பது வருடம் ஓதிய வாய், அன்று ஒரு சொல்லுக்குத் திறக்கவில்லை. பிழை முழுதும் என்னுடையது. அவரைத் திரும்ப அழையுங்கள். இனிப் பட்டறையில் ஒரு திருகையும் தொடேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பிற்குறிப்பு: பரிகாரமாக இன்று காலை எல்லாச் சிலிண்டர்களையும் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். அழுக்கேறிய சீட்டுகளும் கிறுக்கியிருந்த எண்களும் அறவே நீங்கிப் பதினொன்றும் ஒன்றுபோலப் பளபளக்கின்றன. எதில் எது என்று இறைவனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்து பயனில்லையாம். ஆகவே சோடாபுட்டியை இன்றே அழையுங்கள். உங்களுக்கும் நம் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும், இதைப் படித்து முடித்த பின்னும் பொறுமையும் அவன் அருளட்டும்.