முழுக்கைச் சட்டை

காலை ஆறு மணிக்கே முதுகில் வேர்வை ஓடுகிற ஊர். அங்கே சங்கிலிமுத்து முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானை இறுக்கி மாட்டிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீகளா?" என்றாள் பக்கத்து சீட்டு பேச்சியம்மாள். வேனே சிரித்தது.

சட்டைக்குள்ளே இருந்தது ஒரு வாட்ச். மணி பார்க்க இல்லை, நாடி பார்க்க. மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் வேல்விழி மூணு நாள் முன்னால் மாட்டிவிட்டது. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னீகள்ல. வேலை நேரம் போக இதைக் கழட்டாதீக. உங்க நாடி என் போனுக்கு வந்துரும்" என்றாள். அப்பன் வாயால் சொன்னால் நம்பமாட்டாள். கறுப்புப் பட்டை சொன்னால் நம்புவாள். காலம் அப்படிக் கிடக்கிறது.

சங்கிலிமுத்துவுக்கு மருந்து செலுத்துகிற அறையில் வேலை. வெடிக்குள்ளே வெடிமருந்தை அடைக்கிற இடம். கை நடுங்காதவனுக்குத்தான் அங்கே இடம். நெஞ்சு சரியில்லை என்று தெரிந்தால் பெட்டி ஒட்டுகிற ஷெட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். கூலி பாதி. கூலியாவது போகட்டும், இருபத்தேழு வருஷம் கை தேர்ந்தவன் என்று சொன்ன ஊர் சீக்காளி என்று சொல்லும். அதுக்குப் பயந்தே பெண்டாட்டி அய்யம்மாளிடம்கூட மனுசன் வாயைத் திறக்கவில்லை. மூணு நாள் லீவுக்குப் பிறகு இன்றுதான் வேலைக்குப் போகிறார். கேட்டில் எல்லாரும் போனை எடுத்துக் கொடுக்கும்போது, வாட்ச்மேன் டப்பாவில் இதையும் நைசாகப் போட்டுவிடலாம் என்று திட்டம்.

"நெசமாத்தான் கேக்கேன். கையில என்ன, படையா?" பேச்சியம்மாள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

படை, சொறி என்று பேர் விழுந்தால் தண்ணிக் குடத்தைத் தொட விடமாட்டார்கள்.

"படையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுட்டுக்கிட்டேன்."

பட்டாசு ஊரில் சொல்லக்கூடாத பேச்சு அது. முன் சீட்டில் இருந்த போர்மேன் மாரீஸ்வரன் வெடுக்கென்று திரும்பினார். மணிக்கட்டில் எப்போதும் சுற்றியிருக்கும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தீக்காயமா? கம்பெனியிலயா? எங்கிட்ட ஏன்யா சொல்லல? சூலக்கரையில இருந்து பாதுகாப்பு ஆபீசர் வந்து கேட்டா ஏங்கழுத்துல விழும்! சட்டையை ஏத்து!"

"தீ இல்ல அண்ணாச்சி. பச்சை... பச்சை குத்தியிருக்கேன்."

வேன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அம்பத்தெட்டு வயசுலயா? யார் பேரு?" என்றார் போர்மேன்.

"அய்யம்மா பேருதான்."

"பொண்டாட்டி பேரைக் குத்துனவன் கையைத் தூக்கிட்டுல்ல அலைவான்? இவரு மறைக்காருன்னா..." பேச்சியம்மாள் போனை எடுத்துவிட்டாள். "அய்யம்மாக்கா, அண்ணன் கையில எவ பேரையோ குத்தியிருக்காருக்கா."

போனில் வந்த பதில் கடைசி சீட்டு வரை கேட்டது. "மூணு நாளா சட்டையைக் கழட்டாமப் படுத்தப்பவே நெனச்சேன்! அந்தாளை இறங்கவிடாதீக!"

சங்கிலிமுத்துவுக்கு நெஞ்சு தடதடவென்று அடித்தது. உடனே அவர் போன் மணி அடித்தது. வேல்விழி.

"அப்பா, நாடி நூத்தி நாப்பது காட்டுது. என்ன செய்தீக?"

"ஒண்ணுமில்லத்தா. சும்மா உக்காந்திருக்கேன். அப்புறம் பேசுதேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"காலங்காத்தால பொம்பளக் குரலு. குசுகுசுன்னு பேச்சு வேற" என்று பேச்சியம்மாள் வேனுக்கே அறிவித்தாள்.

வேன் மூணு ஊர் சுற்றி ஆளேற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி பைக்கில் குறுக்குப் பாதையில் வந்த அய்யம்மாள் கேட்டில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வாட்ச்மேன் சோணைமுத்து சட்டையைத் தடவிப் பார்த்தார். "டெரிகாட்டன் துணி உள்ள ஆகாதுண்ணே, ஒரசுனா பொறி கெளம்பும். பருத்திதான். கழட்டுங்க."

கல்யாண வீட்டுக்கு எடுத்த சட்டை. முழுக்கை உள்ளது அவரிடம் அது ஒண்ணுதான். அறுபது பேர் பார்க்கக் கழட்டினார். மணிக்கட்டில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது.

"என்னய்யா இது?" என்றாள் அய்யம்மாள்.

"நாடி பாக்குறது. நெஞ்சு கொஞ்சம் சரியில்ல. வேல்விழி மாட்டிவிட்டா."

அய்யம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு சிறுக்கி பேரா இருந்தாக்கூட தெருவுல நின்னு சண்டை போட்டிருப்பேன். சீக்காளி பொண்டாட்டின்னு பேரு வாங்கிக்கிட்டு எங்கன போய் நிப்பேன்?"

சங்கிலிமுத்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் எரிந்தது. பேச்சியம்மாள்கூட வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அவருக்கு ரொம்பச் சுட்டது.

போர்மேன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "நெஞ்சு சரியில்லாத ஆளுக்கு மருந்து அறை கெடையாது. இன்னைக்கே பெட்டி ஒட்டப் போய்யா. உடம்புல கொறையை வச்சுக்கிட்டு சட்டைக்குள்ள ஒளிச்சா, அந்த அறையில இருக்க மத்த மூணு பேரு உசுருக்கு யாரு பொறுப்பு? வெக்கமா இல்லயாய்யா?"

இருந்தது. நிறையவே இருந்தது. பட்டையை அவிழ்த்து, சோணைமுத்து நீட்டிய டப்பாவில் போட்டார் சங்கிலிமுத்து.

சோணைமுத்து டப்பாவை மூடவில்லை. அப்படியே போர்மேன் பக்கம் நீட்டினார்.

"அண்ணாச்சி, தினம் போல உங்க நாடிப் பட்டையையும் கழட்டி இதுலயே போட்டுருங்க. நேத்து மாதிரி கைக்குட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, மறந்து உள்ள போயிராதீக."