நொட்டை அண்ணாச்சி பார்த்த கார்

தென்காசியில் ஒரு பழைய வண்டி விலைபோகாமல் நிற்கிறதென்றால் காரணம் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அது ஓடாது. அல்லது, நொட்டை அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார்.

ஊரில் என்ன நடந்தாலும் நாள், கிழமையோடு குறித்துவைப்பது என் வழக்கம். எதைப் பார்த்தாலும் குறை கண்டு நொட்டை சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர்; ஆனால் அவருடைய சொந்தப் பெயர் மட்டும் எனக்குக் கிடைக்கவே இல்லை. நேரில் கேட்டதற்கு, "பேர வச்சி என்ன செய்யப் போறீரு, ரேஷன் வாங்கவா?" என்றார்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் கட்டாயம் மாதிரி. கூலி கிடையாது. செங்கோட்டை தாண்டி கேரள பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கித் தரவேண்டும். குற்றாலத்தில் சீசன் என்றால் ஐந்தருவியில் ஒரு குளியல். பதிலுக்கு அவர் வண்டியின் மானத்தை வாங்கித் தருவார். ஆலங்குளத்தில் ஒரு டிராக்டரைப் பார்த்து, இதற்கு இரண்டு மாடு தேவலை, சாணியாவது மிஞ்சும் என்றார். டிராக்டரை விற்க வந்தவரே மனம் மாறி மாடு வாங்கினார் என்று சொல்கிறார்கள். ஆதாரம் கிடைக்காததால் நான் அதை உறுதிப்படுத்தவில்லை.

ஊரடங்கெல்லாம் முடிந்து அருவிகளில் மறுபடி குளிக்கவிட்ட முதல் சீசன் அது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் ஒன்றை விற்கப்போவதாகக் குற்றாலத்தில் ஒரு சுபேதார் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு கதவு, கறுப்பு நிறம். துருப்பிடித்த வெறும் கூடாக அதை வாங்கி, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த நாள் முதல் தன் கையாலேயே செப்பனிட்டு ஓடவிட்டவர். மகனோடு வெளியூர் போகவேண்டி வந்ததால் கொடுக்கிறார். ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன், தூக்கம் போயிற்று. மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: "அண்ணாச்சி பாத்து சரின்னா வாங்குங்க." அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

போனோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்ஜின் பக்கமே போகவில்லை. நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சாத்தி, காதை வைத்துக் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுபேதாரை ஐந்தருவி ரோட்டில் ஓட்டச் சொல்லி, ஓடும் காருக்குள் குடையை விரித்துக்கொண்டார். கூரை ஒழுகுகிறதா என்று குடை சொல்லிவிடுமாம். நான் குடைக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தேன். திரும்பி வந்ததும் குடையைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அவர் முகம் வாடிப்போனது. அடுத்து வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார். துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை. ஹாரனை அடித்துப் பார்த்து, சத்தம் கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கிறது என்றார். அது அவருக்கே எடுபடவில்லை.

சுபேதார் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல் நின்றார். அவர் மனைவி கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமல், அண்ணாச்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"வண்டில ஒரு நொட்டையும் இல்ல," என்றார் கடைசியில். நான் சட்டைப்பையில் அட்வான்ஸ் பணத்தைத் தொட்டேன். "நொட்டை, வாங்குதவருகிட்டதான் இருக்கு."

"என்கிட்டயா?"

"ஆமா வே. நீரு ஓட்ட மாட்டீரு. துணியப் போட்டு மூடிவச்சிட்டு, எந்த வருசத்து வண்டி, எந்தக் கப்பல்ல வந்துதுன்னு எழுதிக்கிட்டு இருப்பீரு. சுபேதாரே, இவருக்குக் குடுத்தா வண்டி நின்னே செத்துரும்."

வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை. அன்று அதற்கு வெகு அருகில் போனேன். அவருக்குப் புரோட்டா வாங்கித் தந்தவன் நான். குளியலுக்கு நல்லெண்ணெய் வாங்கி வைத்திருந்தவனும் நான்.

சுபேதார் என் பக்கம் திரும்பி, "ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. எனக்குக் கியர் மாற்றவே பயம் என்றேன். கார் கைவிட்டுப் போனது என்று முடிவுசெய்து எழுந்தேன்.

அண்ணாச்சி ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "ஞாயித்துக்கெழம தோறும் நான் பின்னால உக்காந்து இவர ஓட்ட வைக்கேன். அப்படின்னா குடுப்பீரா?"

சுபேதார் சாவியை என்னிடம் தரவில்லை. அவரிடம்தான் தந்தார். வண்டியில் நொட்டை இல்லை என்று அண்ணாச்சியே சொன்னபின் என் மனைவியும் தன் நிபந்தனையை விட்டுக்கொடுத்தாள்.

அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாயின. விடிந்ததும் வாசலில் வந்து நிற்பார். கிளட்சை மிதித்தால், "எறும்பையா மிதிக்கீரு, நல்லா அமுக்கும்" என்பார். வளைவில் திரும்பினால், ஸ்டியரிங்கை இப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறீரே, அது யார் வீட்டுக் கைக்குழந்தை என்று கேட்பார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திப் பூக்களைப் பார்க்க வந்தவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தபோது, வண்டியைப் படம் எடுங்கள், ஓட்டுகிறவர் மட்டும் அதில் வேண்டாம், பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

போன மாதம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். சில ஞாயிறுகள் தனியாக ஓட்டினேன். நன்றாகத்தான் ஓட்டினேன் என்று நினைக்கிறேன். இல்லை என்று சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று காரை எடுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டதும், பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "ரெண்டாம் கியர்ல என்ன வே பயம், பேயா இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரிக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் இரண்டே தெரு. நான் பக்கத்து ஊர் இலஞ்சியைச் சுற்றிக்கொண்டு போனேன்.