அட்ஹாக் அண்ணா

புதிதாக ஒரு ஆங்கில வார்த்தை கிடைத்துவிட்டால், அதை வைத்து ஊரையே ஒரு வழி பண்ணிவிடும் ஆசாமி நான். எனக்கு வாய்த்தது 'அட்ஹாக்'. என்னை வேலைக்கு எடுத்த உத்தரவில் அது இருந்தது. இந்தக் காரியத்துக்கு மட்டும், நிரந்தர ஆள் வரும்வரை மட்டும் என்று அர்த்தம். (அழ வேண்டிய இடத்தில் நான் வார்த்தையின் அழகில் மயங்கிக் கிடந்தேன்.) அப்புறம், மலையாளம் கலந்து பேசும் ஊரான ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் பொத்தான் அறுந்த சட்டையில் குத்திய ஊக்கும் அட்ஹாக், சட்னி அரைக்காத அன்று தோசைக்குத் தொட்டுக்கொண்ட சர்க்கரையும் அட்ஹாக்.

எதிர்வீட்டு சிவராமன் மாமாவுக்கு இரண்டு பெண்கள், பையன் இல்லை. மூத்தவள் லலிதாவுக்குக் கல்யாணம். இளையவள் வித்யாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்தில் ஓடியாடி மாமாவிடம் நல்ல பேர் வாங்கிவிட்டு, அப்புறம் அம்மாவை விட்டுப் பெண் கேட்பது என்று திட்டம்.

தாலி கட்டியாயிற்று. அடுத்தது பொரியிடுதல். பெண்ணின் சகோதரன் பொரியை அள்ளி அவள் கையில் போட, அவள் அதை ஹோமத்தில் இட வேண்டும். அதற்கென்று வரச்சொல்லியிருந்த நாகர்கோவில் சித்தப்பா பையனின் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. மாமா திருதிருவென்று விழித்தார்.

"அட்ஹாக்கா நான் போடறேன் மாமா!" என்று குதித்தேன்.

"எந்தா அது?" என்றார் சாஸ்திரிகள்.

"தற்காலிக ஏற்பாடு. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் நான் அண்ணா. ஒரிஜினல் ஆள் வந்ததும் விலகிண்டுடுவேன்."

"அக்னி சாட்சியா பொரி போட்டுட்டு விலகறதாவது! நன்னா யோசிச்சாச்சோ?"

யோசிப்பதா, நானா? வித்யா வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அள்ளிப் போட்டேன், பாதி மாப்பிள்ளை மடியில். அவர் "மச்சான்!" என்று கையைக் குலுக்கினார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பகவான் எனக்கு ஒரு பையனைக் கொடுத்துட்டான்" என்றார்.

பந்தியில் வித்யாவே பாயசப் பாத்திரத்தோடு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பிரதமன் விடட்டுமா அண்ணா?"

"அண்ணாவா?"

"அக்காவுக்கு அண்ணான்னா எனக்கும் அண்ணாதானே?"

"அது... அட்ஹாக்காக்கும்" என்று முனகினேன்.

"ஆயிக்கோட்டே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்து, இலை நிறைய விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிரதமன் எனக்கு இனிக்கவே இல்லை.

சித்தப்பா பையன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். பொறுப்பை ஒப்படைக்கப் பார்த்தேன். "நீயே வெச்சுக்கோடா" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

ஆபீஸில் எட்டே மாதத்தில் நிரந்தர ஆள் வந்து என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். அண்ணா உத்தியோகத்துக்குத்தான் யாரும் வரவில்லை. கார்த்திகைக்கு லலிதாவுக்குச் சீர் கொண்டுபோனது நான். வித்யா கல்யாணத்தில் பொரி போட்டதும் நான்தான். (சாஸ்திரிகள் மேடையிலிருந்தே "எங்கே நம்ம அட்ஹாக்?" என்று கூப்பிட்டார். மேடையேறிப் போய் நின்றேன்.)

பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனாராக வந்து நின்றவள் வித்யா. "இது அட்ஹாக் இல்லை அண்ணா" என்று என் காதில் சொல்லிவிட்டு, இறுக்கி முடிந்தாள்.

இன்றும் எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது "இப்போதைக்கு இது இருக்கட்டும்" என்று வாயைத் திறந்தால், என் மனைவி உட்பட எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.