ஓடைப்பட்டி மொட்டை

எழுச்சித் திலகம் வேங்கைவேல் ரசிகர் இணையப் பேரவை, கம்பம் பள்ளத்தாக்குக் கிளை, ஒரு பொறுப்புள்ள அமைப்பு. காலையில் பேஸ்புக்கில் தலைவர் படத்துக்கு மாலை போடுவார்கள். மாலையில் எதிர் நடிகரின் ரசிகர்களுக்கு அர்ச்சனை செய்வார்கள். இடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் உண்டு.

அதன் அட்மின் தேனி சுருளிராஜன். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான், சீல் குத்துகிற கைக்கு இல்லை.

பேரவையில் பெயர் போடாமலும் எழுதலாம். கூச்சமுள்ளவர்கள் தலைவருக்குக் கவிதை எழுதட்டும் என்று கொடுத்த வசதி. அதில் ஒரு நாள் இப்படி வந்து விழுந்தது: "ஓடைப்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் போய்த் தலைவரோட புதுப்படம் பார்த்தேன். இடைவேளைக்கு அப்புறம் நல்ல தூக்கம். ஏசி அருமை."

பள்ளத்தாக்கே கொதித்தது. ஆனால் யாரென்று திட்டுவது? பெயரிலி என்று திட்டினால், கவிதை எழுதிய பெயரிலியும் கோபித்துக்கொள்கிறார். சுருளிராஜன் சுற்றறிக்கை விட்டார். அனாமதேயக் கடிதம் மொட்டைக் கடுதாசி என்றே தொன்றுதொட்டு வழங்கிவருவதாலும், ஒரு மொட்டையை இன்னொரு மொட்டையிலிருந்து பிரித்தறிய வேண்டியிருப்பதாலும், இனிமேல் பெயரற்ற பதிவுகள் யாவும் ஊர்ப்பெயருடன் 'மொட்டை' என முத்திரையிடப்படும். எதுகைக்காகத் தன் ஊரையும் கவிதைக்குள் வைத்திருந்தவர், காமயகவுண்டன்பட்டி மொட்டை ஆனார். தூங்கினவர் ஓடைப்பட்டி மொட்டை ஆனார்.

வந்தது வினை. ஓடைப்பட்டியில் ஏற்கனவே ஒரு மொட்டை இருந்தார். திராட்சைத் தோட்டம் நாகராஜ். கல்யாணத்துக்கு முன்பே முடி அவரைக் கைவிட்டுவிட்டது. தேனி மார்க்கெட்டில், "ஓடைப்பட்டி மொட்டை பழம் வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய மகள் முனீஸ்வரிக்கும் சுருளிராஜன் மகன் அஜய்குமாருக்கும் வருகிற முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம்.

தலைவரைப் பழித்தவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று பேரவை கேட்டது. நாகராஜ் தேனிக்கு ஓடினார்.

"சம்பந்தி, எனக்குப் பேஸ்புக்கே கெடையாது. நான் வச்சிருக்கது பட்டன் போன்."

"நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும். ஆனா முத்திரை விழுந்துபோச்சே."

"அழிச்சிருங்களேன்."

"முத்திரையவா?" சுருளிராஜன், கோயிலை இடிக்கச் சொன்னது போலப் பார்த்தார். "முத்திரை தப்பா விழுந்தா ஆபீஸ்ல முத்திரையத் திருத்த மாட்டோம். ஆளத் திருத்திக்கிடச் சொல்லுவோம். பேரவை ஆளுக மண்டபத்துக்கு வருவாக. அவுக கண்ணுக்கு நீங்க மொட்டையா இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

நாகராஜ் மதுரைக்குப் போய் டோப்பா வாங்கினார். சுருட்டை முடி, நெற்றியில் புரளும் ஒரு கற்றை. நிச்சயத்தன்று அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெண்டாட்டி மலையம்மாளே, "நீங்க பொண்ணு வீடாண்ணே, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுக் காப்பி கொடுத்தார். காப்பி மட்டும் நான் சேர்த்தது, மற்றதெல்லாம் நடந்தது.

தட்டு மாற்றும் நேரம். பெண்ணின் அப்பாவைக் காணோம். நான்தான் என்று நாகராஜ் முன்னால் வர, அவுக மொட்டையாச்சே என்றது சபை. டோப்பாவைக் கழற்றினால் பேரவை விடாது. கழற்றாவிட்டால் முனீஸ்வரிக்கு அப்பா இல்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. முனீஸ்வரி கண் கலங்க அஜய்குமாரைப் பார்த்தாள். அவன் தன் அப்பாவைப் பார்த்தான்.

சுருளிராஜன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இவர் யாரென்று இச்சபையில் எவருக்கும் தெரியவில்லை. ஆகவே இவர் அனாமதேயர். அனாமதேயர் எனில், சுற்றறிக்கைப்படி மொட்டை. வந்த ஊர் ஓடைப்பட்டி. ஓடைப்பட்டி மொட்டைதான் பெண்ணின் தகப்பனார் என்பது மார்க்கெட் அறிந்தது. எனவே தட்டை மாற்றலாம்."

கூட்டம் கைதட்டியது. பேரவைச் செயலாளர் தங்கபாண்டி மட்டும், அப்படியானால் தலைவரைப் பழித்ததும் இவர்தானே என்று இழுத்தார். அது முடியில்லாத மொட்டை, இது முடியுள்ள மொட்டை, இரண்டும் வேறு வேறு இனம் என்று தீர்ப்பாயிற்று. தட்டும் மாறியது.

பந்தியில் நாகராஜ் டோப்பாவைச் சொறிந்தபடியே சம்பந்தியின் காதருகில் குனிந்தார்.

"தப்பா நெனைக்காதீக. படம் நெசமாவே தூக்கம் வருமா? நான் இன்னும் பாக்கல."

சுருளிராஜன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க. இந்தப் பந்தியில ஒருத்தரும் பாக்கல."

"அப்ப பாத்தது அந்த மொட்டைப்பய ஒருத்தன்தானா?"

"அதுக்குத்தான அவனைத் தேடுறோம். ஞாயித்துக்கெழமை படத்துக்குப் பாராட்டு விழா. கதை என்னன்னு யாராச்சும் சொல்லணும்ல."